நீ வருவாய் என்று வாங்கி வைத்தவை

அண்ணா, இந்தக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கம்பெனி கேன்டீனில் வெங்காயம் நறுக்கி நறுக்கி வந்த வீக்கம். அதனால் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா பேசுவதை அப்படியே எழுதினால் எங்கள் தமிழாசிரியை சிவப்பு மையில் வட்டம் போடுவார். ஆகவே எழுத்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறேன். சண்டைகளை மட்டும் மாற்றவில்லை. யார் யாரை எப்படிப் பேசினார்களோ அப்படியே இருக்கும். "இதை எழுதாதே" என்று அம்மா சொல்கிற இடங்களையும் விடப்போவதில்லை. இனி 'நான்' என்று வந்தால் அது அம்மா. அடைப்புக்குறிக்குள் வந்தால் உன் தங்கை கீர்த்தனாவாகிய நான்.

பெரியவனே,

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில், பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாய். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், நாலு நாள் இருப்பேன் என்றாய். நான் "சரிப்பா" என்றேன். நீ எது சொன்னாலும் ஃபோனில் எனக்கு அந்த ஒரு சொல்தான் வருகிறது. அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. ஃபோனை வைத்ததும் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். உன் நைனா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எங்கமே கெளம்பிட்ட? போன தபா அவனுக்கு வாங்கினதைக் காலி பண்றதுக்கு நாம பட்ட பேஜாரு போதாதா?" நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உனக்காக வாங்கி வைப்பதா, வேண்டாமா? அன்றிலிருந்து எனக்குள் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னிடம் கேட்டால்தான் தீரும். ஃபோனில் கேட்க எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

நம் அடுக்களை உனக்கு நினைவிருக்கும். அடுப்புக்கு மேலே, ஸ்டூல் போட்டால் மட்டும் கை எட்டுகிற உயரத்தில் ஒரு சிமென்ட் தட்டு. நீ புனேவுக்கு வேலைக்குப் போன பிறகு அது உன்னுடைய தட்டாகிவிட்டது. தினமும் சமைக்க வேண்டியதெல்லாம் கீழே இருக்கும்; நீ வந்தால் வேண்டியதெல்லாம் மேலே போகும். உனக்குப் பாயசம் பிடிக்கும் என்று சேமியா. மருமகள் இரவில் சப்பாத்திதான் சாப்பிடுவாள் என்று கோதுமை மாவு. நீ கேட்பாயே என்று நூடுல்ஸ், கஸ்டர்ட் பவுடர், ரவை, மைதா. ஆயுத பூஜைக்கு உன் நைனாவுக்குக் கம்பெனியில் கொடுத்த பொரியும் பொட்டுக்கடலையும், தீபாவளிக்குக் கொடுத்த பிஸ்கட் பெட்டியும்கூட மேலேதான் ஏறும். "பெரியவன் வந்தா பிரிக்கலாம்" என்று சொல்லித்தான் ஏற்றுவேன். பேரன் பிறந்த பிறகு, குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிற சத்து மாவு டப்பா ஒன்றும் சேர்ந்தது. கோடை லீவுக்கு வருகிறேன் என்றாய், வாங்கினேன். ஆடிக்கு என்றாய், வாங்கினேன். தீபாவளிக்கு என்றாய், வாங்கினேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் "லீவு குடுக்கலம்மா" என்றாய். நடுவில் ஒருமுறை சம்பந்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பொதட்டூர்பேட்டை வரை வந்து, அப்படியே அரக்கோணத்தில் ரயிலேறிவிட்டாய். நான் அதைக் குத்திக்காட்டவில்லை.

(குத்திக்காட்டத்தான் செய்தாள். அந்த வரியைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.)

தூக்கிப் போட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நான் வளர்ந்த வீட்டில் கூலியே நெல்லாகத்தான் வந்தது. முறத்திலிருந்து தெறித்த நெல்லைப் பொறுக்கிப் போடாமல் யாரும் எழுந்திருக்க மாட்டோம். கேன்டீனில் மீந்துபோகிற சோற்றைப் பன்றிப் பண்ணைக்காரர் டிரம்மில் வாங்கிக்கொண்டு போவார். தினமும் அந்த டிரம்மில் கொட்டுகிறவள் நான்தான். அங்கே நான் தயங்குவதில்லை. அது யாருக்கென்று சமைத்தது என்று எனக்குத் தெரியாது. மேல் தட்டில் இருப்பது யாருக்கென்று தெரியும். அதுதான் வித்தியாசம்.

இந்தத் தீபாவளிக்கும் நீ வரவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு வண்டு கல்லில் விழுந்து பொரிந்தது. பின்னாலேயே இன்னொன்று. அந்த வார லீவில் ஸ்டூலைப் போட்டு எல்லாவற்றையும் இறக்கினேன். கீர்த்தி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பித் தேதியைப் படித்தாள். பரீட்சை முடிவு படிப்பதைப் போல, பாஸ், ஃபெயில், ஃபெயில், பாஸ் என்று படித்தாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டும் நீ வருவதாகச் சொன்ன ஒரு மாதத்தை நினைவூட்டியது.

(தேதியில் இரண்டு வகை உண்டு என்று அம்மாவுக்கு அன்றுதான் சொன்னேன். இதற்குள் சாப்பிட்டால் ருசியும் மணமும் நன்றாக இருக்கும் என்று போட்டிருப்பது ஒன்று. இதற்குப் பிறகு சாப்பிடவே கூடாது என்று போட்டிருப்பது இன்னொன்று. முதல் வகையில் தேதி கொஞ்சம் தாண்டியிருந்தாலும் பாக்கெட் உப்பாமல், கிழியாமல், வண்டும் சிக்கு நாற்றமும் இல்லாமல் இருந்தால் சமைக்கலாம். இரண்டாவது வகையில் பேச்சே கிடையாது. குழந்தைக்கு என்றால் எந்த வகையானாலும் தேதி தாண்டியதைத் தொடக்கூடாது.)

சேமியா கெடாமல் இருந்தது. அதனால் சேமியா உப்புமா, சேமியா கிச்சடி, மறுபடியும் சேமியா உப்புமா. ஒருநாள் உன் நைனா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "இன்னாமே இது, நாஷ்டாவுக்கும் சேமியா, ஷிஃப்டுக்குக் கட்டிக் குடுக்கறதும் சேமியா? மெஷினாண்ட குந்தினு டப்பாவைத் தொறந்தா பசங்க சிரிக்கிறானுங்க. 'அண்ணே, வூட்ல தெனம் விசேஷமா'ன்னு கேக்கறானுங்க." வண்டு பிடித்த மைதாவை மட்டும் அவரே ஆசையாக எடுத்துக்கொண்டார். அதைப் பிசைந்து உருட்டி, ஆரணி ஆற்றில் தண்ணீர் வந்த சமயம் தூண்டிலில் மாட்டினார். கெண்டை கிடைத்தது. உனக்கென்று வாங்கிய மைதாவில் கிடைத்த மீன் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

மீதி இருந்தவற்றைத்தான் நான் தப்பாகச் செய்தேன். நம் தெருமுனையில் எஸ்தர் மாடு வைத்திருக்கிறாள் அல்லவா. அவள் வாசலில் இருக்கிற பக்கெட்டில் தெருவிலுள்ள எல்லா வீட்டிலிருந்தும் அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் ஊற்றுவோம். கன்று போட்டால் முதலில் சீம்பால் நமக்குத்தான் வரும். குப்பைக்குப் போகாமல் ஒரு வாயில்லா ஜீவனின் வயிற்றுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். ரவை, கோதுமை மாவு, பொட்டுக்கடலை, ஒரு பெட்டி பிஸ்கட், எல்லாவற்றையும் பிரித்துப் பக்கெட் நிறையக் கொட்டி, கழுநீரில் கரைத்து, நானே எடுத்துப் போய் அவள் மாடு ரோசியின் முன்னால் வைத்தேன். ஒரே மூச்சில் குடித்து, பக்கெட்டின் அடியை நக்கியது. பெற்ற பிள்ளைக்குப் போட்டுச் சாப்பிட வைத்தவள் மாதிரி நின்று பார்த்தேன். அதற்குமுன் எத்தனையோ நாளாக என் மனம் அப்படி நிறைந்ததில்லை.

மறுநாள் நான் கேன்டீன் வேன் ஏற நின்றபோது எஸ்தர் தலையை முடியாமல் ஓடி வந்தாள். "இன்னாக்கா ஊத்துன நீ? மாடு அசை போடல. எடப்பக்கம் வயிறு பானையாட்டம் ஊதிக்கினு கீது. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குது!" வேனை விட்டுவிட்டு அவளோடு ஓடினேன். ரோசி கழுத்தை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. கால்நடை டாக்டர் வந்து கை வைத்துப் பார்த்தவுடனே கேட்டார்: "மாவு ஏதாச்சும் மொத்தமா குடுத்தீங்களா?" நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆப்பசோடாவைக் கரைத்து வாயில் ஊற்றினார், ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். "பழக்கமில்லாத மாட்டுக்கு மாவை இப்பிடி மொத்தமா குடுத்தா வயித்துல புளிச்சுடும்மா. அந்தப் புளிப்பே ஆளைத் தூக்கிடும். மாட்டுப் பொங்கல் வந்தா எனக்கு இதே வேலை. நீங்கள்லாம் ஆசை ஆசையா ஊட்டிட்டுப் போய்டுவீங்க, நான் வூடு வூடா ஊசி போட்டுக்கினு இருப்பேன்" என்றார்.

குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தபோதுதான் எஸ்தர் அதைக் கேட்டாள். சத்தம் போடக்கூட அவளிடம் தெம்பில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "உன் புள்ள வராததுக்கு என் மாடு இன்னாக்கா பண்ணும்?"

(இதை எழுத வேண்டாம் என்றாள் அம்மா. எழுதிவிட்டேன், அண்ணா.)

மாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் பல நாள் பால் வற்றிக் கிடந்தது. எஸ்தர் வீட்டுக்குப் பால்தான் எல்லாம் என்று உனக்குத் தெரியும். வைக்கோல் வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். வாசலில் இருந்த பக்கெட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போதெல்லாம் அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகும் தட்டில் மிச்சம் இருந்தது. அந்தச் சத்து மாவு டப்பா சீல் உடைக்காமல் அப்படியே இருந்தது. இங்கே பக்கத்தில் ஆரணி போகிற வழியில் செங்கல் சூளையில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. கைக்குழந்தைகள் மணலில் விளையாடும். அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று பையில் எடுத்து வைத்தேன். உன் நைனா டப்பாவைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். "நம்ம பேரன் இப்ப வந்து நின்னா இதைக் கரைச்சுக் குடுப்பியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "அப்ப அவங்க புள்ளைக்கு மட்டும்?" டப்பாவைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். வீணாகக் கூடாது என்கிற எண்ணம் இருக்கிறதே, அது எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்துகொண்டே என்னென்னவோ செய்ய வைத்துவிடும். கடைசியில் கெடு தாண்டாத நூடுல்ஸையும் நல்ல துவரம்பருப்பையும் மட்டும் சூளைக்குக் கொண்டுபோனேன். எந்த மாதத்துக்குள் சமைக்க வேண்டும் என்று விரலால் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அந்தப் பெண் எனக்கு ஒரு கைப்பிடி கீரை பறித்துக் கொடுத்தாள்.

மற்றதற்கெல்லாம் வழி கண்டுபிடிக்கக் கார்த்திகை முழுக்க ஆயிற்று. பின்பக்கம் முருங்கைக்குப் பக்கத்தில் குழி தோண்டினால் மழைத் தண்ணீர் நிரம்பியது. மழை விட்டதும் மறுபடி தோண்டினோம். பூஞ்சை பிடித்த மாவையும் கஸ்டர்ட் பவுடரையும் ஒரேயடியாகப் போடாமல், ஒரு கை போட்டு, மேலே காய்ந்த இலை, அதற்குமேல் மண் என்று மூடினோம். அப்படிச் செய்தால் நாற்றமும் வரவில்லை, எலியும் வரவில்லை. சிக்கு வாடை வந்த எண்ணெயைச் சாக்கடையில் விடவில்லை. கார்த்திகை தீபத்துக்கு அகலில் ஊற்றிவிட்டேன், வாசல் முழுக்க எரிந்தது. கெட்டுப்போன ஊறுகாயில் உப்பு அதிகம், மண்ணுக்கு ஆகாது. அதைத் தனியாகக் கட்டி, காலையில் குப்பை வாங்க வருகிற பெண்மணியிடம் இது இன்னது என்று சொல்லிக் கொடுத்தேன். "சொல்லிக் குடுக்கறியே, அதுவே பெருசு. நேத்து ஒரு வூட்ல கவர்ல கைய வுட்டா கண்ணாடித் துண்டு" என்றார். காலிப் பாக்கெட்டுகளைக் கீர்த்தி கத்திரியால் குறுக்கே வெட்டிப் போட்டாள். யாராவது பொறுக்கி மறுபடி விற்றுவிடக் கூடாதாம். ஒவ்வொன்றையும் வெட்டும்போது எனக்குள் ஏதோ கிழிகிற மாதிரி கேட்டது. பாக்கெட்டின் சத்தம்தான்.

சத்து மாவு டப்பாவைக் கடைசியாக நானே திறந்தேன். நன்றாகத்தான் மணந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. கொட்டிவிட்டுப் பார்த்தால் உள்ளே அளவுக் கரண்டி, சின்னது, மஞ்சள் நிறம். பிறந்த குழந்தையாக நீ ஃபோட்டோ அனுப்பினாயே, அவன் இப்போது ஓடுவதையும் தானே சோறு அள்ளித் தின்பதையும் வீடியோ காலில் பார்த்தேன். அந்த மாவு சாப்பிடுகிற வயதைத் தாண்டிவிட்டான். நான் தட்டைக் கவனித்துக்கொண்டிருந்தேனே தவிர, வயதைக் கவனிக்கவில்லை. கரண்டியைக் கழுவி உப்பு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது உனக்கும் மருமகளுக்கும் ஒன்று சொல்கிறேன், கோபமில்லாமல் கேளுங்கள். புனேவில் உங்கள் வீட்டிலும் ஒரு மேல் தட்டு இருக்கும். நான் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய வடகமும் பருப்புப் பொடியும் மாங்காய் ஊறுகாயும் அதில்தான் இருக்கும். கெட்டுப்போயிருக்கும். அம்மா கையால் செய்தது என்று அவள் எறியவும் முடியாமல், சாப்பிடவும் முடியாமல் வைத்திருப்பாள். எறிந்துவிடச் சொல். என்னிடம் பயப்பட வேண்டாம். பொடியைப் பூந்தொட்டி மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கட்டும். ஊறுகாயைத் தொட்டியில் போட வேண்டாம், அதன் எண்ணெயை சிங்க்கில் விட வேண்டாம். இனிமேல் கடைக்குப் போகுமுன் வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் இழுத்து வையுங்கள். வீட்டில் இருக்கிறவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதற்கு வாங்குங்கள். வரப்போகிறவர்களுக்கு வந்த பிறகு வாங்கலாம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்காதே. உன் தங்கையும் உன் நைனாவும் இத்தனை வருஷம் இந்த வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அந்தத் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டைக்கூட நான் எடுத்துக் கொடுத்ததில்லை.

(கொடுத்ததில்லை. நான் திருடித் தின்றிருக்கிறேன். அதை இப்போதுதான் அம்மா தெரிந்துகொள்கிறாள்.)

நீ பொய் சொல்கிறாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஃபோனில் சொல்கிற அந்த நேரத்தில் உனக்கு வரவேண்டும் என்றுதான் இருக்கும். அம்மாவிடம் வரவில்லை என்று சொல்ல வாய் வராமல் வருகிறேன் என்கிறாய். நீ வரமாட்டாயோ என்று நினைக்க மனம் வராமல் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். இருவருமாகச் சேர்ந்து கடைசியில் எஸ்தர் மாட்டைப் படுக்கவைத்துவிட்டோம். போன வாரம் அவள் பக்கெட்டை மறுபடி வாசலில் வைத்தாள். "கழுநீர் மட்டும் ஊத்துக்கா, வேற எதுனா இருந்தா என்னாண்ட கேட்டுட்டு ஊத்து" என்றாள். நான் அதற்கே அழுதேன். எனக்கு முடியவில்லை, பெரியவனே. மறுபடி வாங்கி, அடுக்கி, இறக்கி, தேதி படித்து, குழி தோண்ட உடம்பில் தெம்பில்லை.

ஆகவே இந்தப் பொங்கலுக்கு நான் எதுவும் வாங்கி வைக்கப்போவதில்லை. தட்டைத் துடைத்துப் பேப்பர் விரித்திருக்கிறேன், வெறுமையாகத்தான் இருக்கிறது. அது கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ வந்தால், நம் கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு ஃபோன் செய். நீ ஸ்டேஷன் படியேறி இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதற்குள் உன் நைனா கடைக்குப் போய் வந்துவிடுவார். நான் உலை வைத்துவிடுவேன். பாயசத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வரவில்லை என்றால், "வரலைம்மா" என்று முன்னாலேயே சொல்லிவிடு. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

(அண்ணா, உள்ளபடியே எழுதுவேன் என்று சொல்லிவிட்டதால் இதையும் எழுத வேண்டும். இன்று சாயங்காலம் தீப்பெட்டி வாங்க அம்மாவோடு கடைக்குப் போனேன். அம்மா ஒரு சேமியா பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்பதால் என்னிடம் நீட்டி, தேதியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பொங்கலைத் தாண்டி, சித்திரையையும் தாண்டி நல்லாயிருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு அது இருந்த இடத்திலேயே, மற்ற பாக்கெட்டுகளுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, தீப்பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

"எழுதி முடிச்சீங்களா இல்லியா? காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுமே எனக்கு" என்று நைனா சத்தம் போடுகிறார். அம்மா அடுக்களைக்குள் போய் அந்தக் காலித் தட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தாள். விளக்கை அணைக்கப் போகிறோம்.)